அசையவிட்டுப் பிடி

சென்னை நந்தனம் சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டிகள் தேங்கும்போது, முன்னால் நிற்கும் கார்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பத்து வருடம் ஓடிய பழைய ஹேட்ச்பேக் ஒன்று நிற்கும். பம்பர் முழுக்கக் கீறல், சாயம் வெளிறிப்போயிருக்கும். ஆனாலும் பம்பர் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. பக்கத்திலேயே வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார் ஒன்று. முன்னால் கறுப்பு லிப், கதவுகளுக்குக் கீழே சைட் ஸ்கர்ட், பின்னால் டிஃப்யூசர் என்று முழு பாடி கிட். ஆனால் ஸ்கர்ட்டின் பின்முனை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரு ஜிப் டை போட்டு அதை இழுத்துக் கட்டியிருப்பார்கள்.

கம்பெனி பம்பரை மெக்கானிக் கழற்றும்போது பார்த்தவர்களுக்கு இது இன்னும் வியப்பாக இருக்கும். நாலைந்து ஸ்க்ரூ, சில பிளாஸ்டிக் கிளிப், அவ்வளவுதான். ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் 'டக் டக்' என்று கையோடு வந்துவிடும். பாடி கிட்டுக்கோ நீளம் முழுக்க டபுள் டேப், அதற்கு மேல் பி.யூ. (பாலியுரித்தேன்) பசை, போதாக்குறைக்கு வரிசையாக செல்ஃப் ஸ்க்ரூ. இத்தனை பிடிமானம் உள்ளது ஒரு கோடையில் கழல்கிறது. கையால் இழுத்தால் வருவதோ பத்து வருடம் நிற்கிறது. எப்படி?

கடைக்காரர் மோசம் செய்துவிட்டார் என்பது சுலபமான பதில். சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல பொருளை வாங்கி, நேர்மையாக உழைத்துப் பொருத்திய கிட்டும் கழல்கிறது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

காற்றின் மேல் பழி

"ஈ.சி.ஆர்.ல நூறுல போனேன், காத்து பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு" என்பார்கள். காற்றுக்கு அவ்வளவு வலு இருக்கிறதா?

ஓடும் காரைக் காற்று தள்ளும் விசை, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், காற்றை நேராக எதிர்கொள்ளும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 16 கிலோ எடை சாய்ந்தது போன்ற தள்ளல் இருக்கும். 100 கி.மீ.யில் அது 45 கிலோ. ஆனால் லிப்பின் முகப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே ஈ.சி.ஆர். வேகத்திலும் அதன்மேல் விழுவது நாலரைக் கிலோதான். அண்ணா சாலையில் ஒன்றரைக் கிலோ. அதுவும் தேனாம்பேட்டை - சைதாப்பேட்டைத் துண்டில் 60-ஐத் தொட முடிந்தால்!

ஒழுங்காகப் பொருத்திய எதையும் நாலரைக் கிலோ பிய்க்காது. டிக்கியின் மேல் உயரமாக நிற்கும் ரேஸ் பாணி இறக்கைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு; அதன் வேலையே காற்றோடு மல்லுக்கட்டுவதுதான். மற்றபடி காற்று, ஏற்கெனவே தளர்ந்துபோனதைக் கடைசியாக வந்து எடுத்துக்கொண்டு போகிறது. தளர்த்தியது யார்?

ஐந்து மில்லிமீட்டர் சண்டை

தளர்த்தியது வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் சூடு. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் அதைவிட எவ்வளவோ அதிகம் சூடாகும். 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தார்ச்சாலை கீழிருந்து வேறு அனல் கக்கும்.

சூடானால் பொருள் நீளும். இதை வெப்ப விரிவு என்போம். எல்லாப் பொருளும் ஒரே அளவு நீளாது என்பதில்தான் வம்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு ஒரு டிகிரி சூட்டுக்கு 0.012 மி.மீ. நீளும். பாடி கிட் செய்யப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 0.08 மி.மீ. நீளும். ஆறு மடங்குக்கும் மேல்.

ஒரு சைட் ஸ்கர்ட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 180 செ.மீ., ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், கறுப்பு நிறம். ஜனவரி மாதக் காலையில், 25 டிகிரியில், கதவுக்குக் கீழே உள்ள எஃகுப் பட்டத்தில் பொருத்துகிறார்கள். கார் நந்தனத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில், நிழல் இல்லாத இடத்தில் நிற்கிறது. மே மாதம் பிற்பகல் ஸ்கர்ட்டின் சூடு 60 டிகிரி. அதன் பின்னால் மறைந்திருக்கும் எஃகு கொஞ்சம் குறைவாக, 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்கர்ட் 35 டிகிரி ஏறியிருக்கிறது. 1.8 மீட்டருக்கு அது 5 மி.மீ. நீள வேண்டும். எஃகு 25 டிகிரி ஏறியிருக்கிறது. அது நீள்வது அரை மி.மீ. மட்டுமே. வித்தியாசம் நாலரை மி.மீ. இரவு குளிர்ந்ததும் ஸ்கர்ட் பெரும்பகுதி சுருங்கிவிடும். மறுநாள் மீண்டும் நீளும். சென்னையில் கோடை ஜூன் கடந்தும் இழுக்கும். ஒரே கோடையில் நூறு தடவைக்கு மேல் இந்த இழுபறி நடக்கும். பிளாஸ்டிக் விடாக்கண்டன், எஃகு கொடாக்கண்டன்.

நாலரை மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள். ஸ்கர்ட் நீள இடமில்லை. நீளாமல் இருக்கவும் முடியாது. நடுவில் வெளியே புடைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. எவ்வளவு புடைக்கும்? நம் உள்ளுணர்வு இங்கே தப்பாகத்தான் சொல்லும். 180 செ.மீ. நீளத்துக்குள் நாலரை மி.மீ. கூடுதல் நீளத்தைத் திணித்தால், நடுப்பகுதி ஐந்தரைச் சென்டிமீட்டர் வெளியே வரும். மில்லிமீட்டரில் இல்லை, சென்டிமீட்டரில். நேர்கோட்டை வில்லாக வளைக்க மிகக் கொஞ்சம் கூடுதல் நீளம் போதும் என்பது வடிவக் கணிதத்தின் குறும்பு.

"அதனால்தான் சார் ஓர் அடிக்கு ஒரு ஸ்க்ரூ போடுறோம்" என்பார் பொருத்துகிறவர். 30 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ என்றால், ஒவ்வொரு இடைவெளியிலும் முக்கால் மி.மீ. கூடுதல் நீளம் மாட்டிக்கொள்கிறது. அதற்கு 9 மி.மீ. புடைப்பு வரும். பெரிய தொப்பை ஒன்று போய், ஆறு சிறிய அலைகள் வந்துவிட்டன. ஸ்கர்ட்டின் வளைவும் மடிப்பும் அதை விறைப்பாக்குவதால் உண்மையில் புடைப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் மே மாதம் மாலை வெயில் சாய்வாக விழும்போது, வரிசையாகக் குழியும் மேடுமாகத் தெரியும் ஸ்கர்ட்டுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

புடைக்கவே விடாமல் முழுக்க அமுக்கிப் பிடித்தால்? பிளாஸ்டிக்கின் தடிமன் இரண்டரை மி.மீ., மடிப்புகளை விரித்தால் அகலம் 15 செ.மீ. என்று கொண்டால், அதை நீளாமல் தடுக்க 200 கிலோ விசை வேண்டும். அந்த விசை அத்தனையும் ஸ்க்ரூ துளைகளின் ஓரத்தில் போய் விழுகிறது. துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும். அல்லது துளையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் கிளம்பும். கிட்டை எஃகோடு பிரிக்க முடியாதபடி கட்டிப்போட நினைத்தவர், அதைக் கழற்றும் இயந்திரத்தைத் தானே பூட்டிவைத்திருக்கிறார். அதற்கு எரிபொருள் சூரியன்.

கிட் எல்லாமே ஏ.பி.எஸ். இல்லை. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்த்துச் செய்யும் எஃப்.ஆர்.பி. கிட் நம் ஊரில் அதிகம். கோயம்புத்தூரில் ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் காலத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் பழக்கமான கைத்தொழில் அது. எஃப்.ஆர்.பி.யின் வெப்ப விரிவு எஃகைப் போல இரண்டு, இரண்டரை மடங்குதான். நம் ஸ்கர்ட்டின் நாலரை மி.மீ. சண்டை அங்கே ஒரு மி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும். ஆனால் அது வளையாது, உடையும். பிசின் முழுதாக இறுகுவதற்குள் அச்சிலிருந்து எடுத்திருந்தால், வெயிலில் மேலும் இறுகி முறுக்கிக்கொள்ளும். பாலியுரித்தேன் கிட் நன்றாக வளையும், அடி தாங்கும்; விரிவிலோ ஏ.பி.எஸ்.ஸுக்கு அண்ணன். எல்லாக் குணமும் ஒரே பிளாஸ்டிக்கில் கிடைக்காது.

கம்பெனி பம்பரின் தந்திரம்

கார் கம்பெனியின் பம்பர் உறையும் பிளாஸ்டிக்தான். பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். வெப்ப விரிவில் அது ஏ.பி.எஸ்.ஸுக்குச் சளைத்ததில்லை. அதே வெயிலில்தான் அதுவும் நிற்கிறது. அப்படியிருந்தும் ஏன் புடைக்கவில்லை?

பம்பரைக் கழற்றிப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. நடுப்பகுதியில் ஓரிரு இடங்களில் மட்டும் துளை சரியாக ஸ்க்ரூ அளவுக்கு வட்டமாக இருக்கும். பம்பர் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவைதாம் தீர்மானிக்கின்றன. நடுவிலிருந்து விலக விலகத் துளைகள் நீளவாட்டத்தில் நீண்டிருக்கும். சக்கரத்துக்கு மேலே, ஃபெண்டரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூவுக்குப் பதில் ஒரு தண்டவாளம் போன்ற பிளாஸ்டிக் துண்டு. பம்பரின் ஓரம் அதில் கொக்கி மாட்டி உட்கார்ந்திருக்கும். வெளிப்பக்கம் விலக முடியாது. முன்னும் பின்னும் சற்று வழுக்கலாம்.

இந்த அத்தியாயத்தின் விஷயம் முழுவதும் இந்தத் துண்டில் இருக்கிறது. ஒரு பொருளைப் பிடிப்பது என்றால் எல்லாத் திசையிலும் அசையாமல் அடிப்பது என்று நாம் நினைக்கிறோம். பொறியாளர் திசை பிரித்து யோசிக்கிறார். உடலைவிட்டு விலகும் திசையில் அனுமதி இல்லை. மேலும் கீழும் இல்லை. நீளவாட்டில் மட்டும், வெயில் கேட்கும் அளவுக்கு, அனுமதி உண்டு. ஜெமினி மேம்பாலத்தில் போகும்போது சக்கரம் தடக்கென்று ஏறி இறங்கும் இணைப்பு இடைவெளிகள் அதே அனுமதிக்காக விடப்பட்டவைதாம்.

நம் ஸ்கர்ட்டுக்குத் திரும்புவோம். நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் வட்டத் துளையில், இறுக்கமாக. இப்போது நாலரை மி.மீ. இரண்டாகப் பிரிந்து, முன்னால் இரண்டேகால், பின்னால் இரண்டேகால் என்று போகும். முனைகளில் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 10 மி.மீ. நீளத் துளை போட்டால் போதும். ஸ்க்ரூவுக்கு அடியில் அகலமான வாஷர் வைத்து, வாஷர் வழுக்கும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். முழுக்க முடுக்கினால் நீளத் துளை போட்ட பலன் போச்சு. செலவு கூடவில்லை, ஸ்க்ரூ எண்ணிக்கை குறைந்துதான் இருக்கிறது.

டேப்பின் குணம்

டேப்பை நம்பலாமா என்று கேட்பார்கள். நல்ல டேப்பை நம்பலாம். அது எதற்குப் பலம், எதற்குப் பலவீனம் என்று தெரிந்திருந்தால்.

அக்ரிலிக் நுரை டேப் என்ற வகையை 1980-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் வி.எச்.பி. என்ற பெயரில் கொண்டுவந்தது. கார்களின் பக்கவாட்டுப் பட்டைகள், கம்பெனிச் சின்னங்கள் போன்றவை இன்று இவ்வகை டேப்பில்தான் நிற்கின்றன. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் டேப்பில் பசை மேலும் கீழும் மட்டும் இருக்கும். நடுவிலுள்ள பஞ்சு கிழிந்துவிடும். அக்ரிலிக் நுரை டேப்பில் முழுத் தடிமனும் ஒரே பசைப்பொருள். சட்டென்று இழுத்தால் விறைக்கும், மெல்ல இழுத்தால் இளகிக்கொடுக்கும். சிவப்பு உறை இருந்தாலே அது அசல் என்று எண்ண வேண்டாம். அந்த உறையை எல்லோரும் ஒட்டுகிறார்கள்.

இந்த டேப் தன் தடிமனைப் போல மூன்று மடங்கு வரை பக்கவாட்டுச் சறுக்கலைத் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் தரும் வழிகாட்டு அளவு. 1.1 மி.மீ. தடிமன் டேப் 3.3 மி.மீ. தாங்கும். நடுவில் பூட்டிய நம் ஸ்கர்ட்டின் முனை நகர்வது இரண்டேகால் மி.மீ.; பிழைத்தது. அதே ஸ்கர்ட்டை முன்முனையில் பூட்டிவிட்டால் பின்முனை நாலரை மி.மீ. நகரும், டேப் தோற்றது. சிக்னலில் பின்முனை மட்டும் வாய் பிளந்து நிற்கும் ஸ்கர்ட்டுகள் பலவற்றின் கதை இதுவாக இருக்கலாம். முன்சக்கர வளைவுக்குள் ஸ்க்ரூ போடுவது சுலபம் என்பதால் அங்கேதான் முதலில் முடுக்குவார்கள். அரை மி.மீ. தடிமன் மெல்லிய டேப் என்றால், எங்கே பூட்டினாலும் தோல்விதான்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். நிரந்தரமாகத் தொங்கும் ஒரு கிலோவுக்கு 55 சதுர செ.மீ. டேப் என்பது கணக்கு. 12 மி.மீ. அகலத்தில் இரண்டு வரிசை ஒட்டினால் நம் ஸ்கர்ட்டுக்கு 430 சதுர செ.மீ. கிடைக்கிறது. ஏழெட்டுக் கிலோ தாங்கும். ஸ்கர்ட்டின் எடை இரண்டரைக் கிலோதான் இருக்கும்.

டேப்பைக் கொல்வது உரிப்பு விசை. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசையாது. மூலையை நகத்தால் கிளப்பி இழுங்கள், முழுசும் கையோடு வரும். தள்ளும்போது பசை முழுவதும் ஒன்றாக எதிர்க்கிறது. உரிக்கும்போது விளிம்பிலுள்ள ஒரு கோடு மட்டும் தனியாகப் போராடுகிறது. அது தோற்றதும் அடுத்த கோடு. கிட் காரின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தாமல், டேப்பை நம்பி அமுக்கி ஒட்டியிருந்தால், பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப இரவும் பகலும் மூலையை இழுத்துக்கொண்டே இருக்கும். விசை சிறியதுதான். ஆனால் ஓய்வே கிடையாது. வெயிலில் பசை இளகும்போது அந்த மூலை மயிரிழை மயிரிழையாக நகரும். இந்த மெல்லிய நகர்வை ஊர்வு என்று சொல்லலாம். அதனால்தான் டேப்பின் காகிதத்தை உரிப்பதற்கு முன், கிட்டைச் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்ததும் மூலை எழும்பி நின்றால் அதைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அமுக்கி ஒட்டக் கூடாது. முனைகளில் டேப்போடு கட்டாயம் ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போ வேண்டும், நீளத் துளையில். மூலை எழும்பாமல் அது பார்த்துக்கொள்ளும்; நடுவில் டேப் தன் வேலையைச் செய்யும்.

இன்னொரு வம்பு, ஒட்டும் இடம். பாலிபுரோப்பிலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக். சாயம் அடிக்காத பம்பரின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் உருண்டு நிற்கும். பசையும் அப்படித்தான் நிற்கும். அந்த உட்புறத்திலேயே எந்தப் பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே ஒட்டுவதற்குத் தனி ப்ரைமர் பூச வேண்டும். சாயம் அடித்த பம்பரில் டேப் சாயத்தின் மேல் ஒட்டுகிறது. சாயம் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறது. கம்பெனிச் சாயம் பரவாயில்லை. எங்கோ இடித்து, டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து, ப்ரைமர் போடாமல் அடித்த சாயம் என்றால் டேப் நன்றாகவே பிடிக்கும். சாயத் தோலோடு சேர்ந்து லிப் கீழே விழும்.

ஒட்டுவதற்கு முன் மெழுகு, பாலிஷ், எண்ணெய் எல்லாம் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைக்க வேண்டும். பிறகு அழுத்தம். ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ வீதம் வேண்டும். நம் ஸ்கர்ட்டின் 430 சதுர செ.மீ.க்கும் சேர்த்து நானூறு கிலோ ஆகிவிடுவதால், உள்ளங்கையால் தட்டிக்கொடுத்து முடிக்கிற வேலை இல்லை. சிறு ரோலரால் அங்குலம் அங்குலமாக அழுத்தி வர வேண்டும். அதன் பிறகும் பசை முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். முதல் 20 நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு. சாயங்காலம் ஒட்டி முடித்து, பளபளப்பாகக் கொடுக்க வேண்டும் என்று உடனே பிரஷர் வாஷ் அடித்துத் தரும் கடைகளுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

தண்ணீருக்கு முன்னால்

வெயில் தளர்த்துகிறது, மழை பறிக்கிறது. அரங்கநாதன் சுரங்கப்பாதையிலும் துரைசாமி சுரங்கப்பாதையிலும் தண்ணீர் தேங்கும் நாட்களில் தி.நகர் பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு, நம்பர் பிளேட்டைத் தேடிக்கொண்டு திரும்பி வரும் அனுபவம் புதிதாக இருக்காது.

மணிக்கு 20 கி.மீ. வேகம் என்பது ஊர்ந்து போவதுதான். ஆனால் தண்ணீர் காற்றைப் போல எண்ணூறு மடங்குக்கு மேல் கனமானது. அந்த வேகத்தில் தேங்கிய நீரைப் பிளந்துகொண்டு போகும் லிப்பின்மேல், சதுர மீட்டருக்கு 1,500 கிலோவுக்கும் மேல் தள்ளல் விழும். லிப்பின் முகப்பு அதில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டாலும் 150 கிலோ. ஈ.சி.ஆர். காற்று தந்தது நாலரைக் கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கி 10 கி.மீ.யில் போனால் இது நாலில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் நிதானமாகப் போனாலும் எதிரே வரும் மாநகரப் பேருந்து கிளப்பும் அலை நிதானமாக இராது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்தபோது, தீவுத்திடலைச் சுற்றி அந்த வாரம் நடப்பதாக இருந்த ஃபார்முலா 4 தெருப் பந்தயமும் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் அது நடந்தது. லிப், டிஃப்யூசர், இறக்கை எல்லாம் பிறந்த வீடு அந்தப் பந்தய உலகம்தான். அங்கே அவை தேங்கிய நீரையும் ஸ்பீடு பிரேக்கரையும் பார்ப்பதில்லை. நாம் அவற்றை இந்தச் சாலைகளுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

ஸ்பீடு பிரேக்கருக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் இருந்தால் பெரும்பாலான கார்கள் உரசாமல் ஏறிவிடும். தெருக்காரர்களே இரவோடு இரவாகப் போட்டவை எந்த அளவுக்கும் கட்டுப்படுவதில்லை. லிப்பைத் தாழ்த்தும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அதில் இடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். இடிக்கும்போது எது உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது புத்திசாலித்தனம். லிப்பைப் பம்பரில் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டியிருந்தால் கிளிப் உடையும், சில ரூபாய். போல்ட்டும் இரும்புப் பட்டையும் வைத்து அசைக்க முடியாதபடி முடுக்கியிருந்தால், லிப் தான் போகும்போது பம்பரையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு துளையின் பின்விளைவு

செல்ஃப் ஸ்க்ரூ போட எஃகில் துளை போட வேண்டும். கார் உடலின் எஃகைத் தொழிற்சாலையில் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் பாதுகாப்புப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். ஒரு டிரில் பிட் அதை ஒரு நொடியில் உடைத்து, பச்சை எஃகை வெளியே காட்டிவிடும். நந்தனத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்றும் ஈரமும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். துருவின் விசேஷம், அது பூச்சுக்கு அடியில் பரவும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே கணிசமாகத் தின்றிருக்கும்.

கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பட்டம் அலங்காரத் தகடு கிடையாது. பக்கவாட்டு மோதலில் ஆளைக் காக்கும் எலும்புகளில் ஒன்று. அதன் அருகே வயர் கட்டுகள் ஓடும், அடித்தளத்தில் எரிபொருள் குழாய் போகும். பஞ்சரானால் ஜாக்கி வைக்கும் இடமும் அதன் கீழ் விளிம்புதான். ஸ்கர்ட் அதை மூடிவிட்டால் நடுரோட்டில் திண்டாட்டம். முடிந்தவரை ஏற்கெனவே இருக்கும் துளைகளையும், சக்கர வளைவின் உட்புற உறை ஸ்க்ரூக்களையும் பயன்படுத்தலாம். துளை போட்டே தீர வேண்டும் என்றால், ஆழத்தை அளவோடு நிறுத்தி, துளையின் உள்விளிம்பில் துருத் தடுப்புப் பூச்சு வைத்த பிறகுதான் ஸ்க்ரூ போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பணம் கொடுப்பதற்கு முன்

நந்தனத்திலிருந்து அண்ணா சாலையிலேயே வடக்கே போனால் ஜி.பி. ரோடு. கார் அலங்காரச் சாமான்களுக்கு அதுவே சென்னையின் சந்தை. அங்கே எந்தக் கடைக்குப் போனாலும் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். கிட் என்ன பிளாஸ்டிக்? எந்த இடத்தில் பூட்டப்போகிறீர்கள், எந்த இடத்தில் வழுக்க விடப்போகிறீர்கள்? டேப்பின் தடிமன் எவ்வளவு? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பையன் கிடைத்தால், கூலி சற்று அதிகம் கேட்டாலும் வண்டியை அவன் கையில் ஒப்படைக்கலாம். கொதிக்கும் வெயிலில் நின்ற வண்டியை நேரே கொண்டுபோய் ஒட்டச் சொல்லாதீர்கள். தகடு ஆறிய பிறகு, நிழலில் வேலை நடக்கட்டும். மூன்று நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவரின் காலுக்கு அது ஆபத்து என்பதால், எவ்வளவு உறுதியாகப் பொருத்தினாலும் அதற்கு மன்னிப்பில்லை.

கிட் போட்டபின் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத பாகம் வெள்ளத்திலோ விபத்திலோ போனால் அதற்கு இழப்பீடு கிடையாது.